கை இறங்கும் காட்சி

படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களை மறித்து, "படம் எப்படி இருக்கு?" என்று கேட்பதுதான் மைக்காரரின் தொழில். அவருக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. இப்போது அதைச் சொல்லிக் கூப்பிடுவது வங்கிக்காரர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் மைக்காரர். பொருத்தமான பெயர்தான், அந்த மனிதர் வாயை மூடிப் பார்த்தவர்கள் குறைவு. தூங்கும்போதுகூட அவர் யாரையோ பேட்டி எடுத்துக்கொண்டிருப்பார் என்பாள் மனைவி. கேமராவுக்குப் பின்னால் நிற்பது அவள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் சரியாகப் பதிவாகிறதா என்று கேட்டுக்கொண்டே படம் பிடிப்பாள். அவர் பேசுவார், அவள் கேட்பாள். கல்யாணமும் அப்படித்தான், இருவரும் இணையத்தில் நடத்துகிற சேனலும் அப்படித்தான்.

ஒரு படம் தேறுமா தேறாதா என்பதை, யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே மைக்காரர் சொல்லிவிடுவார். வெளியே வந்ததும் நேராக வண்டிச் சாவியைத் துழாவினால் படம் அவ்வளவுதான். போக மனமில்லாமல் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் படம் பிழைத்துக்கொள்ளும். கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படமாக இருந்தாலும் இந்த விதிக்கு விலக்கு கிடையாது.

அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. யார் என்ன சொன்னாலும் வெட்டமாட்டார். புகழ்ந்தாலும் போடுவார், காறித் துப்பினாலும் போடுவார். "வெட்டாம ஒட்டாம" என்றுதான் சேனலின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கொள்கைதான் ஒரு தடவை அவர் வீட்டிலேயே வேட்டு வைத்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தது கடல் மிருகப் படம். வெளியே வந்த இளைஞன் ஒருவன் மைக்கைப் பிடுங்காத குறையாகப் பேசினான். "அது கடல் மிருகமாங்க? எங்க வீட்டுக் குழந்தை குளிக்கிறப்ப மிதக்க விடுற ரப்பர் பொம்மைங்க அது!" என்றான். நன்றாகச் சொன்னான், சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், மைக்காரரும் குஷியாக வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஏற்றினார். அன்றைக்கே அது ஊரெல்லாம் பரவியது. யார் வாயைத் திறந்தாலும் ரப்பர் பொம்மைதான்.

அந்தப் பொம்மையின் முதுகுச் செதில்களைச் செய்தவன் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி, அவர்கள் வீட்டிலேயே தங்கியிருப்பவன். கிராபிக்ஸ் நிறுவனத்தில் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து கண் சிவக்கச் செதுக்குகிறவன். எந்தக் காட்சி தன்னுடையது என்று வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்கள் நிறுவனத்தின் கட்டளை. அதனால் அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அந்தப் படத்தில் அவன் வேலை செய்தான் என்பது மட்டும் தெரிந்து, அன்று காலையிலிருந்து சொந்தபந்தம் எல்லாம் போன் போட்டு "சூப்பர்டா, பிரமாதம்டா" என்று அவனைக் குளிப்பாட்டியிருந்தார்கள். சாயங்காலம் அவன் போனில் வந்து விழுந்தது இந்த வீடியோ. அதுவும் சொந்த மாமாவின் சேனலிலிருந்து.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க யாரும் பொய் சொல்லல, பாசத்துல சொன்னீங்க. ஆனா நிஜம் மாமா வீடியோவுலதான் இருந்துச்சு," என்றான். அதற்குப் பிறகு யார் எதைப் பாராட்டினாலும் அவனுக்கு அது காதில் ஏறவே இல்லை. சாப்பாடு குறைந்தது, தூக்கம் குறைந்தது.

இன்றைக்கு வந்திருப்பது வேற்றுக்கிரகச் சண்டைப் படம். மலை உயரப் போர் இயந்திரங்கள், வானத்தில் மிதக்கும் நகரம், இரண்டு பக்கமும் இடிபடும் கட்டடங்கள். ரப்பர் பொம்மைக்குப் பிறகு மச்சினன் மூன்று வருஷம் இதற்குத்தான் உழைத்தான். அக்கா நச்சரித்துக் கேட்டதில் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "கை." ஏதோ ஒரு இயந்திரத்தின் கையாம். மூன்று வருஷமும் ஒரு கையா என்று மைக்காரர் வாயைப் பிளந்தார். ஆனால் பையன் இருந்த இருப்பைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசையில் அக்கா தண்ணீர் டம்ளரை வைத்தால் டம்ளரைப் பார்க்காமல் அவள் விரல்களைப் பார்ப்பான். "இன்னொரு தடவ வை அக்கா," என்பான்.

அவனுடைய பெரியப்பா பக்கத்து ஊரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். மேனேஜர் நாற்காலி காலியாக இருக்கிறது, வருகிறாயா இல்லையா என்று கேட்டிருந்தார். "இன்னிக்கு சாயங்காலம் பதில் சொல்றேன்னு சொல்லிட்டேன் மாமா," என்று காலையில் மச்சினன் சொன்னான். "இதையும் பொம்மைன்னு சொல்லிட்டாங்கன்னா நான் கடைக்குப் போயிடறேன். நான் தியேட்டருக்கு வரல. யாரும் எனக்குப் போன் பண்ணிச் சொல்லவும் வேண்டாம். போனையே அணைச்சு வெச்சிடறேன். நீங்க எடுக்கறத அப்படியே கொண்டாங்க. எனக்குத்தான் முதல்ல காட்டணும்."

டைல்ஸ் கடையில் உட்காருவது ஒன்றும் மட்டமான வேலை இல்லை. நிம்மதியான வேலை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒரு கைக்காக மூன்று வருஷம் ராப்பகலாகக் கிடந்தவன், தோற்றுப்போய் அங்கே போய் உட்கார்ந்தால், உட்காருவது அவன் உடம்பு மட்டுமாகத்தான் இருக்கும். அக்காவின் கவலையும் அதுதான்.

முதல் காட்சி முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தியேட்டரின் கண்ணாடிக் கதவுகளுக்கு வெளியே இருவரும் இடம் பிடித்து நின்றார்கள். மனைவி ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துக் கழுத்தில் தொங்கவிட்டாள்.

"ஏன் எடுத்துட்டே?"

"என்னால கேக்க முடியாதுங்க. யாராச்சும் அவனைத் திட்டினா, அது நேரா காதுக்குள்ள வந்து திட்டற மாதிரி இருக்கும்."

"ஹெட்போன் இல்லாட்டி மட்டும் கேக்காதா? நான் பக்கத்துலதானே நின்னு பேசப்போறேன்?"

"அது வேற, இது வேற. உங்களுக்குப் புரியாது."

"எனக்கா புரியாது? நான் இந்த வாசல்ல எத்தனை படத்தப் பார்த்தவன்!"

"வாசலத்தான் பார்த்தீங்க. படத்த எங்க பார்த்தீங்க?"

சண்டை வருகிறது என்று தெரிந்ததும் மைக்காரர் பழக்கதோஷத்தில் மைக்கின் அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தி அதை அணைத்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒருமுறை அணைக்காமல் போட்ட சண்டை அப்படியே சேனலில் ஏறி, அந்த மாதம் வந்த எல்லாப் படங்களையும் விட அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். மாமியார் உள்பட. அன்றிலிருந்து மனைவி குரலை உயர்த்தினால் அவர் கட்டை விரல் தானாகப் பொத்தானுக்குப் போய்விடும்.

சண்டை பாதியில் இருக்கும்போதே கதவுகள் திறந்தன. மைக்காரர் பாய்ந்தார்.

முதலில் வந்தது ஒரு பெரிய கும்பல். யாரும் சாவியைத் தேடவில்லை. வாசலிலேயே நின்றார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மைக்காரருக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது.

"சண்டைக்காகத்தான் வந்தேன் பிரதர்," என்றான் ஜிம்முக்குப் போகிற உடம்போடு ஒருவன். "சண்டையெல்லாம் தெறி. ஆனா நான் கைதட்டினது சண்டைக்கு இல்ல. கடைசியில அந்த மிஷின் அடிக்கப் போகுதுன்னு நினைச்சா, கையக் கீழ இறக்கி விரிக்குது பாருங்க, அந்தப் பாப்பா அதுல ஏறுது பாருங்க..." அவனுக்கு மேலே வார்த்தை வரவில்லை. கையை ஆட்டி என்னவோ செய்து காட்டிவிட்டுப் போனான்.

இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்த நர்ஸ் ஒருத்தி, "ரெண்டு எடத்துல தூங்கிட்டேன், மறைக்க மாட்டேன்," என்றாள். "ஆனா அந்தக் கை வந்தப்ப முழிச்சுட்டேன். அப்புறம் தூக்கமே வரல." அவளுடைய கை மைக்கில் இடித்தது. மைக்காரர் கொஞ்சம் எரிச்சலோடு மைக்கைத் தள்ளிப் பிடித்தார். இன்றைக்குப் பார்த்து எல்லோருக்கும் கை நீளமாக இருந்தது.

கண்ணாடி போட்ட ஒருவர் காத்திருந்து வந்து மைக்கின் முன்னால் நின்றார். அறிவியல் வாத்தியாராம். "காத்தே இல்லாத கிரகம்னு முதல்லயே சொல்லிடறாங்க. அப்புறம் எப்படிங்க தீ எரியுது? குண்டு வெடிச்சா சத்தம் எப்படிங்க கேக்குது? பிள்ளைங்க நாளைக்கு என்கிட்டதான வந்து கேக்கும்?" என்று மூச்சு விடாமல் திட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கை இறங்குற எடத்துக்காக மட்டும் மன்னிச்சிட்டேன். மத்ததுக்கு மன்னிப்பு கிடையாது. எழுதிக்கோங்க."

"இது எழுதறது இல்ல சார், பேசறது," என்றார் மைக்காரர். சந்தோஷத்தில் அவருக்குக் குரல் கீச்சென்று வந்தது.

வழுக்கைத் தலை அப்பா ஒருவர் தோளில் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் குட்டி மைக்கை வாய்க்குள் போட்டுக்கொள்ளாத குறையாக, "நானும் அந்தக் கையில ஏறுவேன்," என்று கத்தினாள். அதற்குப் பின்னால் வந்த ஒருவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இரண்டாம் பாதி ரொம்ப நீளம், கால் மரத்துப் போச்சு, எல்லாரும் சும்மா பில்டப் பண்றாங்க," என்றார். அவரையும் மைக்காரர் முழுதாகப் பேசவிட்டார். கொள்கை கொள்கைதான்.

கும்பல் கலைந்தபோது மனைவி கேமராவை இறக்கிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சண்டையின் மிச்சம் என்னவென்று இருவருக்குமே ஞாபகம் இல்லை. வீடு வரைக்கும் மைக்காரர் வண்டியை ஓட்டினாரா, பறந்தாரா என்று அவருக்கே தெரியாது. "காறித் துப்பின வாத்தியாரே கண்ணைத் துடைச்சாரு பார்த்தியா? பார்த்தியா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

மச்சினன் ஜன்னல் திரையை இழுத்துவிட்ட கூடத்தில், சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையனைப் போல முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தான். மைக்காரர் வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க மாமா. போடுங்க."

மனைவி கேமராவை டி.வி.யோடு இணைத்தாள். ஜிம் உடம்புக்காரன் திரையில் வந்தான். வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

மைக்காரர் ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். நர்ஸ் வந்தாள், வாய் அசைந்தது, போனாள். ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். கூடத்தில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் மெதுவாகத் திரும்பி, மேசைமேல் கிடந்த மைக்கைப் பார்த்தார். அடியில் எரியவேண்டிய சின்னப் பச்சை விளக்கு எரியவில்லை. சண்டையில் அணைத்தது. அணைத்தது அணைத்தபடியே இருந்திருக்கிறது. மைக்கின் ஒயரை மாட்டியிருந்ததால் கேமரா தானாகவும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஹெட்போன் மனைவியின் கழுத்தில் இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மாப்ள, மைக்க ஆன் பண்ண மறந்துட்டேன்டா. சத்தியமா. ஆனா எல்லாரும் என்ன சொன்னாங்கன்னு எனக்கு வரிக்கு வரி தெரியும். நான் சொல்றேன் கேளு..."

"வேண்டாம் மாமா."

"டேய், அவர் சொல்றது நிஜம்டா, நானும் அங்கதான் இருந்தேன்," என்றாள் அக்கா.

"நீயும் சொல்லாதக்கா." அவன் குரல் உயரவே இல்லை. "நீங்க வெட்ட மாட்டீங்கன்னு நினைச்சேன் மாமா. வெட்டல. எல்லார் வாயையும் கட்டிட்டீங்க. அவ்ளோ கேவலமாவா திட்டினாங்க?"

மைக்காரருக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. இத்தனை வருஷத்தில் யார் யாரோ அவரை எப்படியெல்லாமோ திட்டியிருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு புகழச் சொல்கிறார் என்றுகூடச் சொன்னார்கள். ஒன்றும் ஒட்டியதில்லை. இது ஒட்டியது. கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்க மைக்கை எடுத்துத் துடைத்தார்.

மச்சினன் போனை உயிர்ப்பித்து பெரியப்பாவின் எண்ணைத் தேட ஆரம்பித்தான். டி.வி.யை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அறிவியல் வாத்தியார் சத்தமில்லாமல் திட்டி முடித்தார், கண்ணாடியைத் துடைத்தார். பிறகு வலது கையை மடக்கி முஷ்டியாக உயர்த்தினார். அதை மெதுவாகக் கீழே இறக்கினார். பாதியில் நிறுத்தினார். விரல்கள் லேசாக நடுங்கின. பிறகுதான் கையை விரித்தார். இடது கையின் இரண்டு விரல்கள் குட்டிக் கால்களாக நடந்து வந்து அதில் ஏறின.

அடுத்து வழுக்கைத் தலை அப்பா. தோளில் இருந்த குட்டி முஷ்டியை உயர்த்தி, அப்பாவின் தலையை நோக்கி இறக்கினாள். தலைக்கு மேலேயே நிறுத்தி உதறினாள். பிறகு வழுக்கையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"ஏன்டா எல்லாரும் பாதியில நிறுத்தி நடுங்கறாங்க? ஏசி அதிகமா போட்டுட்டானா உள்ள?" என்றார் மைக்காரர். அவரையும் மீறி வந்த கேள்வி. தியேட்டர் வாசலில் அவர் யாருடைய கையையும் கவனிக்கவில்லை, வாயைத்தான் கவனித்தார்.

மச்சினனின் கட்டை விரல் போன்மேல் அப்படியே நின்றது.

"மாமா, நீங்க உள்ள போய்ப் படம் பாத்தீங்களா?"

"எங்கடா பாக்கறது? வாசல்லயே நின்னோம்."

"அக்கா?"

"இல்லடா."

"பின்னால போங்க. முதல்லேருந்து போடுங்க."

முதலிலிருந்து போட்டார்கள். ஜிம் உடம்புக்காரன் வார்த்தை கிடைக்காமல் கையை இறக்கினான், நிறுத்தினான், நடுங்கினான், விரித்தான். தூங்கி விழுந்த நர்ஸ் மைக்கில் இடித்தது அப்படி இறக்கிய கையால்தான். பின்னால், பேட்டியே கொடுக்காமல் ஓரமாக நின்றிருந்த ஒரு ஜோடியும் ஒருவருக்கொருவர் அதையே செய்து காட்டிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. எல்லோரும் அதே இடத்தில் நிறுத்தினார்கள்.

மச்சினன் சோபாவிலிருந்து சரிந்து தரையில், டி.வி.க்கு நேர் எதிரே உட்கார்ந்தான்.

"அந்த மிஷினுக்கு அடிக்க மட்டும்தான் தெரியும் மாமா," என்றான். "முதல் தடவையா கையை விரிக்கணும். எப்படி விரிக்கறதுன்னு அதுக்குத் தெரியாது. அதான் நிக்குது. கண்ண மூடித் திறக்கற நேரம்கூட இல்ல. கதையில அது கிடையாது. டைரக்டர் எடுத்துடுன்னாரு. ஒருத்தன் கவனிக்க மாட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி வெச்சேன். இதை நான் உங்க யார்கிட்டயும் சொன்னதே இல்ல."

"நீ எங்கடா சொன்னே? கைன்னு ஒரு வார்த்தை சொன்னே," என்றாள் அக்கா. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அதான்க்கா. சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

மைக்காரருக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல் இருந்தது. கொஞ்ச நேரம் முன்பு தன் வாழ்க்கையிலேயே மோசமான வீடியோ என்று அவர் நினைத்ததைத்தான் பையன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கால் மரத்துப்போனவர் வந்தார். அவர் கையை இறக்கவில்லை. மணிக்கட்டைத் தட்டினார், கொட்டாவி விட்டார், தலையில் அடித்துக்கொண்டார்.

"இவர் சொல்றது எனக்கே கேக்குது," என்றான் மச்சினன். "இரண்டாம் பாதி நீளம். நிஜமாவே நீளம்தான் மாமா!" சொல்லிவிட்டுச் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ரப்பர் பொம்மைக்குப் பிறகு அந்த வீட்டில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. அக்கா சமையலறைப் பக்கம் போய், போன வேகத்தில் தட்டோடு திரும்பினாள். இந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் ஊட்டிவிடவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

ஒரு கையில் சாப்பிட்டுக்கொண்டே அவன் பெரியப்பாவுக்குப் போன் போட்டான். பெரியப்பாவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"என்னடா முடிவு பண்ணினே?"

"நான் வரல பெரியப்பா."

"ஏன், படம் ஓடுதாமா?"

"அது தெரியல. கை நல்லா இறங்குது."

"எது இறங்குது?"

"நேர்ல வந்து சொல்றேன் பெரியப்பா."

"என்னமோ போ. நாற்காலிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன், அப்புறம் வந்து நிக்காதே!"

"நிக்க மாட்டேன்," என்றான் அவன். அவ்வளவு உறுதியாக அவன் எதையும் சொல்லி நாளாகியிருந்தது.

சாப்பிட்டு முடித்தவன் வீடியோவை மறுபடி ஓடவிட்டான். மைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த ஆள் எந்த வார்த்தை சொன்னார் என்று வரிக்கு வரி விளக்கத் தயாரானார். வாத்தியாரின் மன்னிப்பு, நர்ஸின் தூக்கம், எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. திரும்பிப் பார்த்தால், மச்சினன் தரையில் படுத்துத் தூங்கிப்போயிருந்தான். ஜன்னல் திரைக்குப் பின்னால் வெயில் இருக்கும்போதே, சோபாவில் தலையை முட்டுக்கொடுத்து, வாயைத் திறந்துகொண்டு, அடித்துப்போட்டதுபோல் தூங்கினான். ஒரு கை பக்கத்தில் விரிந்து கிடந்தது.

"அந்த நர்ஸ் பொண்ணு என்ன சொல்லிச்சுன்னா..." என்று ஆரம்பித்தார் மைக்காரர்.

மனைவி உதட்டில் விரலை வைத்தாள்.

அவர் வாயை மூடினார். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் நெளிந்துவிட்டு, தன் முஷ்டியை உயர்த்தினார். மெதுவாக இறக்கினார். பாதியில் நிறுத்தினார், விரலை நடுங்கவிட்டார், அவளுக்கு முன்னால் விரித்தார். நன்றாகவே செய்தார் என்றுதான் சொல்லவேண்டும். அவள் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டே இரண்டு விரல்களை மேசைமேல் நடத்திக் கொண்டுவந்து, அவர் உள்ளங்கையில் ஏற்றினாள். அப்பாடா என்று இருந்தது இருவருக்கும்.